ஆத்தா கொடுத்த கம்பெனிப் பெயர்

என் மச்சான் திருமூர்த்தி மஞ்சக் கடுதாசி கொடுக்கப்போகிறார் என்ற செய்தி எனக்கு மஸ்கட்டில், கேம்ப்பில் துணி துவைக்கிற இடத்தில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் அவிநாசி அப்புசாமி. எங்கள் கம்பெனியில் லாரி ஓட்டுகிறவன், ஊருக்குப் போய்விட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்தான். அவனும் நேரில் கேட்கவில்லை. அவனுடைய மாமனார் அன்னூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது அங்கே பேசிக்கொண்டார்களாம்.

"உங்க அக்கா ஊட்டுக்காரரு லிமிடெட் கம்பெனி போடறாருங்களாமா," என்றான், ஈரக் கைலியைப் பிழிந்துகொண்டே. "லிமிடெட்டுன்னா ஒரு அளவுக்கு மேல ஆரும் வந்து கேக்க முடியாதாமுங்க. அப்பறம் என்னுங்க, மஞ்சக் கடுதாசிக்கு அச்சாரம் போட்டாச்சுன்னு பேசிக்கறாங்க. நா சொல்லலீங்க, சனம் சொல்லுது."

எங்கள் பக்கத்தில் மஞ்சக் கடுதாசி என்றால் திவால் நோட்டீஸ். 'என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனதைப் பார்த்துக்கொள்' என்று கோர்ட் வழியாகச் சொல்வது. கொடுத்தவன் வீட்டில் அதன்பிறகு பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அந்த வருஷங்களில் கோயம்புத்தூரைச் சுற்றி ஃபைனான்ஸ் கம்பெனி போட்டவர்கள் சிலர் போர்டைக்கூடக் கழற்றாமல் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் 'கம்பெனி' என்று யார் சொன்னாலும் ஊர் மடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சட்டத்தை ஏறக்குறையச் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள். லிமிடெட் கம்பெனி முழுகினால் அதன் சொத்தோடு முழுகும். போட்டவனின் வீடு, காடு, மாடு எல்லாம் தப்பிக்கும். அதற்காகத்தானே அப்படி ஒரு ஏற்பாடு. அவர்களுக்குப் புரியாமல் போனது திருமூர்த்தியை. ஊரை ஏமாற்றக் கொஞ்சம் அறிவு வேண்டும். இவருக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்வதற்கு மட்டும் போதுமான அளவே அறிவு இருந்தது.

ராத்திரி படுத்தபின் சிரிப்பு போய்விட்டது. மச்சானின் ஒர்க்‌ஷாப் என் அக்காவின் மண்ணில் நிற்கிறது.

திருமூர்த்தி அன்னூருக்கு வடக்கே, பஸ் நிற்கும் ஆனால் யாரும் இறங்காத ஒரு ஊரில் பிறந்தவர். பத்தாவதில் இரண்டு தரம் கணக்கில் ஃபெயிலானார். வாத்தியார்களுக்குத் தன்மேல் பொறாமை என்பது இன்றுவரை அவர் கட்சி. கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் மண் சலிக்கச் சேர்ந்து, அங்கிருந்து லேத்துக்கு நகர்ந்து, புட்வால்வு செய்யக் கற்றுக்கொண்டார். கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடிநுனியில் மாட்டும் சாமான் அது. மோட்டார் நின்றபிறகும் ஏறின தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். சேற்றுக்கு மேலே, இருட்டில், யார் கண்ணிலும் படாமல் வருஷக்கணக்காகக் கிடக்கும். அதைவிட அடக்கமான சாமானை மனிதன் செய்ததில்லை. அதைச் செய்து பிழைக்கிற இவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா செருகியிருப்பார். ஒன்றில் மை இருக்காது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவருடைய புட்வால்வு ஒழுகாது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் போட்டது இன்னமும் தண்ணீரைப் பிடிக்கிறது. மனிதர் அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

எங்கள் அப்பா அவருக்குப் பெண் கொடுத்தது ஜாதகத்தைப் பார்த்து. ஆளைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். பார்த்ததும் என்ன தோன்றியதோ, எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு அப்போதெல்லாம் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கிணற்றோடு இரண்டு ஏக்கர் காட்டை அக்கா பாவாத்தாள் பேருக்கு எழுதிவைத்தார். "நகையப் போட்டா அடகுக்குப் போயிரும். மண்ண ஒருத்தனும் சோப்புல போட்டுட்டுப் போக முடியாது," என்றார். சோப்பு என்றால் எங்கள் பேச்சில் சட்டைப்பை. அந்தக் காட்டின் ஒரு மூலையில் வீடு, இன்னொரு மூலையில் ஒர்க்‌ஷாப் கொட்டகை. மீதியில் அக்கா சோளமும் நிலக்கடலையும் போட்டுக்கொண்டிருந்தாள்.

இவருக்கு லிமிடெட் பைத்தியம் பிடித்தது அப்புசாமி செய்தி கொண்டுவந்ததற்கு முந்தைய தை மாதம், அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். வெங்கடபதி என்று ஒருவர், பவுண்டரிக் காலத்தில் இவரோடு ஒரே லேத்தில் நின்றவர், இப்போது மோட்டார் செய்கிறார். மண்டபத்து வாசலில் மைக்கில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த ஆள், "மேனேஜிங் டைரக்டர், உயர்திரு வெங்கடபதி அவர்களே வருக வருக" என்று நீட்டி முழக்கியிருக்கிறான். அடுத்து நுழைந்த இவரைப் பார்த்து, "வாங்க, வாங்க, பந்தி நடக்குது, அக்கட்டால போங்க" என்றிருக்கிறான். வெங்கடபதி சும்மா இருந்திருக்கலாம். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில், ஈரக் கையால் ஒரு கார்டை எடுத்து நீட்டினாராம்.

"திருமூர்த்தி, நீயும் பிரைவேட் லிமிடெட் ஆக்கிப்போடு. புரொப்ரைட்டர்னு போட்டா பொட்டிக்கடைன்னு நெனச்சுக்கறாங்க."

இதை எனக்குச் சொன்னது அக்கா. "அன்னைக்கு ராத்திரி முச்சூடும் அந்தக் கார்டைத் தடவிட்டே படுத்திருந்தாரு, தம்பி. கன்னுக்குட்டிய நக்கற மாதிரி," என்றாள்.

நான் ஆனி மாதம் லீவில் போய் இறங்கினேன். கூட்டிப்போகக் காந்திபுரத்துக்கு வந்திருந்தார். உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே நூறு கார்டு, தங்க எழுத்தில் அவர் பெயர், கீழே மேனேஜிங் டைரக்டர். கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"பேரு வந்தப்பறம் மேல அச்சடிச்சுக்கலாம்னு சொல்லிப்போட்டான் மாப்ளே, பிரஸ்ஸுக்காரன்," என்றார்.

பெயரில்லாத கம்பெனிக்கு மேனேஜிங் டைரக்டர் ஆகிவிட்ட ஒரு மனிதரோடு நான் ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படி ஏறினேன். "நீ இங்கிலீஷ் படிச்சவன், கூட இரு, பேச வேண்டாம்" என்பது எனக்கு இட்ட உத்தரவு.

ஆடிட்டர் நரசிம்மலு காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்தார். கீழே சேலைக்காரர்கள் கூவுவது மேலே தெளிவாகக் கேட்கும். பம்புக்காரர், கோழிப்பண்ணைக்காரர், தறிக்காரர் என்று தினம் ஒருவருக்கு லிமிடெட் போட்டுக் கொடுத்து அலுத்துப்போனவர்.

"இதுக்கு ரெண்டு பேரு வேணுங்க கவுண்டரே," என்றார்.

"ரெண்டு பேருங்களா? நா ஒருத்தன் போதாதுங்களா?"

"ஊருக்குப் போதுமுங்க. சட்டத்துக்குப் போதாது. ரெண்டு டைரக்டர் வேணும். ரெண்டு பேரும் பங்கு எடுக்கோணும்."

"அப்ப ரெண்டு எம்.டி.யா?" மச்சானின் முகம் வெளிறிவிட்டது.

"எம்.டி. நீங்க ஒருத்தர்தானுங்க."

மூச்சு திரும்பியது. "அப்படின்னா ஊட்டுல பாவாத்தாளப் போட்டுக்கலாமுங்க. கையெழுத்தெல்லாம் போடுவா. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கறா."

"எட்டாவது," என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ளே."

நரசிம்மலு வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். முதலில் பெயருக்கு அனுமதி. அது வந்தபிறகு கம்பெனி என்ன செய்யும், எப்படி நடக்கும் என்று எழுதி அச்சடித்த புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தில் இருவரும் தங்கள் கைப்படப் பெயர், தகப்பன் பெயர், தொழில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கம்பெனி முகவரி, டைரக்டர்கள் விவரம், கட்டணம். பதிவாளர் சர்டிபிகேட் கொடுத்த நாளில் கம்பெனி பிறந்ததாகக் கணக்கு.

"பேரு மட்டும் மூணு நாலா எழுதிக் குடுத்துருங்க," என்றார். "ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு கெடைக்கும்."

"பேரை நாம எப்படிங்க முடிவு பண்றது? ஆத்தாளக் கேக்கோணுமில்லீங்க."

ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்தார். இதையும் அவர் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. "கேளுங்க, வேண்டாம்னு சொல்லலே. ஆனா மூணு பேருக்கும் உத்தரவு வாங்கிட்டு வந்துருங்க. ஒத்தப் பேரோட வந்தீங்கன்னா நாந்தான் அலையோணும்."

ஆத்தா என்றது மச்சானின் குலசாமியை; கோயில் ஊருக்கு வெளியே வேப்பந்தோப்பில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினாலும், பெண் பார்த்தாலும், மாடு வாங்கினாலும் பூ வாக்கு கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் செவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு, செவப்பு வந்தால் இல்லை. தன் மூளையை நம்ப முடியாதவர்களுக்கு இது ஒரு நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமையே போனோம். பூசாரியின் பேத்தி, மூன்று வயசு இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றது. மச்சான் கை கூப்பி, ஆபீசில் மனுக் கொடுப்பதுபோலச் சொன்னார்: "ஆத்தா, மொதப் பேரு, திருமூர்த்தி இண்டஸ்ட்ரீஸ் பிரைவேட் லிமிடெட்."

குழந்தை எடுத்தது. செவப்பு.

"ரெண்டாவது, அன்னூர் புட்வால்வ்ஸ் பிரைவேட் லிமிடெட்."

செவப்பு. எனக்கு ஆத்தாளின்மேல் மரியாதை கூடிக்கொண்டே வந்தது. பின்னால் நின்ற அக்கா, "வேண்டாம்ங்கறா போலிருக்குதுங்க," என்றாள் மெதுவாக.

"நீ சும்மா இரு புள்ளே. பேரு சிறுசா இருக்குதுன்னு சொல்லறா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணாவது. திருமூர்த்தி இன்டர்நேஷனல் பிரைவேட் லிமிடெட்."

குழந்தை இரண்டு பொட்டலத்தையும் பார்த்தது, ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனது. பூசாரி பிடுங்கிப் பிரித்தார். வெள்ளை.

மச்சான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது நெற்றி முழுக்க மண். "பாத்தயா மாப்ளே? ஆத்தாளுக்கே தெரியுது நம்ம லெவலு."

தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புட்வால்வும் விற்றிராத மனிதர் அன்றைக்கு இன்டர்நேஷனல் ஆனார். மேற்கொண்டு பெயர் கேட்க மறுத்துவிட்டார். கொடுத்தபிறகும் கை நீட்டினால் ஆத்தா கோபித்துக்கொள்வாளாம். ஒற்றைப் பெயரோடு போய் நின்றதும் நரசிம்மலு தலையில் கை வைத்தார். "இந்தச் சொல்லு இடிக்குமுங்க கவுண்டரே," என்றார். இடித்தது.

நான் மஸ்கட் திரும்பி மூன்று வாரம் கழித்து ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். வீட்டுக்கென்று தனியாகப் போன் இல்லை. அது அவருடைய ஆபீஸ் அறையில், எண் சுழற்றும் இடத்தில் ஒரு சின்னப் பூட்டோடு இருக்கும். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். வெளியிலிருந்து வந்தால் பேசலாம், உள்ளேயிருந்து அவரைத் தவிர யாரும் போட முடியாது.

"ஹலோ, திருமூர்த்தி இன்டர்நேஷனல்!"

"மச்சான், நாந்தான். பேரு கெடைச்சிருச்சா?"

"கெடைச்ச மாதிரித்தான் மாப்ளே. சின்ன அப்ஜெக்‌ஷன்."

சின்ன அப்ஜெக்‌ஷன் இதுதான்: பெயரில் இன்டர்நேஷனல் என்று வைத்துக்கொள்ளக் கம்பெனியின் மூலதனம் பெரிய அளவில் இருக்க வேண்டும் என்று விதி. அந்தச் சொல்லை எடுங்கள், அல்லது மூலதனத்தைக் கூட்டுங்கள் என்று பதிவாளர் ஆபீசிலிருந்து எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

"எடுத்துருங்களேன் மச்சான். திருமூர்த்தி பிரைவேட் லிமிடெட். நல்லாத்தான இருக்குது."

"ஏன் மாப்ளே, கொழந்தைக்கு வெச்ச பேர்ல பாதிய வெட்டச் சொன்னா நீ வெட்டுவயா? ஆத்தாகிட்ட ஒருக்காக் கேட்டா ஒருக்காத்தான். மறுக்காப் போயி, 'ஆத்தா, ஆபீசுல ஒத்துக்கலே, வேற குடு'ன்னு நிக்கறதா? ஆத்தா பெருசா, ஆபீசு பெருசா?"

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"மொதல ஏத்திப்போடறேன்."

அதோடு விட்டிருந்தால்கூடப் பெரிய கெடுதல் இல்லை. நான் நரசிம்மலுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். எழுதுகிற மூலதனம் ஒரு மேல்வரம்பு மட்டும்தான், அத்தனையையும் போட வேண்டியதில்லை, கட்டணம் கூடும், வீண் செலவு, அவ்வளவுதான் என்றார். நானும் வீண் செலவுதானே என்று ஆறுதல் அடைந்தேன். மச்சானுக்கு மானம் என்று ஒன்று இருப்பதை நாங்கள் இருவரும் கணக்கில் சேர்க்கவில்லை.

முடிவெட்டும் கடைப் பேச்சு அப்போதுதான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. தன்னைப்பற்றி ஊர் பேசுவது ஊரில் கடைசியாகத்தான் அவரவருக்குத் தெரியும். அன்னூர்ச் சந்தையில், எருமைத் தரகன் ஒருவன் பத்துப் பேர் முன்னால் கேட்டானாம்.

"ஏனுங்க திருமூர்த்திண்ணா, லிமிட்டுப் போட்டுட்டு எந்த ஊருக்குங்க போறீங்க? சொன்னீங்கன்னா நாங்களும் துணைக்கு வருவமில்லீங்க!"

சந்தை சிரித்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் திருப்பி ஒன்று கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். இவர் வீட்டுக்கு வந்து இரண்டு வேளை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வேளைக்கு எழுந்து, அக்காவின் காட்டைக் கம்பெனி பேருக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்தார்.

இந்த இடத்தில் அவருடைய புத்தி ஓடிய பாதையைக் கவனிக்க வேண்டும். லிமிடெட் போடுகிறவன் சொத்தைப் பதுக்குகிறான் என்று ஊர் சொல்கிறது. ஆகவே பதுக்கவில்லை என்று காட்ட வேண்டும். ஆகவே இருக்கிற ஒரே சொத்தைக் கம்பெனிக்குள்ளே தள்ள வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளட்டும். கம்பெனி போனால் வீடு தப்பிக்க வேண்டும் என்பதற்காக உலகம் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஒன்றை எடுத்து, கம்பெனி போனால் வீடும் கட்டாயம் போகும்படி செய்வதற்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவரால்தான் முடியும். இதில் கேவலம் என்னவென்றால், அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே யோக்கியன் என்று பெயர் எடுக்க நினைத்தார், தன் பெண்டாட்டியின் மண்ணை வைத்து.

"மச்சான், அது அக்கா காடு," என்றேன் போனில்.

"ஆரு இல்லைன்னது? அவளும் டைரக்டர்தான? இந்தக் கையில இருந்து அந்தக் கைக்குப் போகுது."

"கம்பெனிக்குப் போனா அது அக்காவுதும் இல்லே, உங்களுதும் இல்லே. நாளைக்கு ஒரு பேங்க் லோன் வாங்கி, யாவாரம் படுத்துச்சுன்னா, ஊட்டோட சேத்து எடுத்துக்குவாங்க."

"படுக்கும்னு சொல்லறயா? ஆத்தா பேரு குடுத்த கம்பெனி படுக்குமா?" குரல் மாறியது. "நெசத்தைச் சொல்லு மாப்ளே. உங்கப்பன் குடுத்த காட்டு மேல உனக்கும் ஒரு கண்ணு இருக்குதல்ல? அக்காளுக்கு அப்பறம் நமக்குன்னு நெனச்சிருப்ப."

இப்படி ஒரு வார்த்தை விழுந்தபிறகு வெளிநாட்டில் இருக்கிற தம்பி என்ன சொன்னாலும் அது நிலத்துக்கான பேச்சாகவே கேட்கும். அக்காவைக் கூப்பிடுங்கள் என்றேன். தண்ணீர் கட்டப் போயிருக்கிறாள் என்று வைத்துவிட்டார். அதன்பின் நான் எப்போது கூப்பிட்டாலும் அவள் தண்ணீர் கட்டிக்கொண்டே இருந்தாள். அந்த ஆவணியில் அந்த இரண்டு ஏக்கருக்கு அவ்வளவு தண்ணீர் ஏது?

நரசிம்மலுவை மறுபடி கூப்பிட்டேன். "தலை தலையா அடிச்சுக்கிட்டேன் தம்பி," என்றார். "நெலத்தச் சேக்கத் தேவையே இல்லைங்க கவுண்டரேன்னேன். 'வெறும் காயிதத்துல தொகை எழுதி ஊரை ஏமாத்தச் சொல்லறீங்களா'ன்னு எங்கிட்டயே கேக்கறாரு. பதினெட்டு வருஷமாக் கம்பெனி போட்டுக் குடுக்கறேன். சொத்த வெளிய வைக்க வழி கேட்டு வந்தவங்களத்தான் பாத்திருக்கறேன்." கீழே யாரோ பட்டுச்சேலை விலை கூவுவது கேட்டது. "கிரயப் பத்திரத்துல உங்க அக்கா கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். போடாட்டி ஒண்ணுமில்லே. அதை மட்டும் சொல்லி வையுங்க."

சொல்லிவைக்கத்தான் வழியில்லை.

புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய புதன்கிழமை, சைட்டுக்குப் பஸ் கிளம்புகிற நேரத்தில் கேம்ப் ஆபீசிலிருந்து ஆள் ஓடி வந்தான், ஊரிலிருந்து போன் என்று. அக்கா. அவள் எனக்குப் போன் செய்தது அதுவரை கிடையாது. அப்பா செத்ததற்குக்கூடத் தந்திதான் வந்தது.

"தம்பி, நாந்தான் கண்ணு. பூத்துல இருந்து பேசறேன். மீட்டரு ஓடுது, நீ குறுக்க பேசாத கேளு." மூச்சு வாங்கியது. "கம்பெனிச் சர்டிபிகேட்டு வந்துருச்சு. கண்ணாடி போட்டு ஆத்தா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கறாரு. அதுக்கு முன்னால அந்தப் புஸ்தகத்துக் கடைசிப் பக்கத்துல நானும் கையெழுத்துப் போட்டேன். தொழில்னு ஒரு எடத்துல இவரு இண்டஸ்ட்ரியலிஸ்ட்டுன்னு எழுதுனாரு. எனக்கு என்னுங்க எழுதறதுன்னேன். ஊட்டு வேலைன்னு எழுதுங்கன்னாரு ஆடிட்டரு. காட்டு வேலைய ஆரு பாக்கறான்னு கேட்டேன், சிரிச்சுப்போட்டாங்க. அது போகட்டும். இன்னைக்குப் பத்தரைக்கு அன்னூருல காட்டுக் கிரயம்."

"அக்கா..."

"இரு, சொல்லீர்றேன். ஆடிட்டரு தனியாக் கூப்புட்டு, அம்மா யோசிச்சுப் போடுங்கன்னாரு. இவரு ஊரு சிரிக்குதுங்கறாரு. ஊரு சிரிச்சா எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. காடு போச்சுன்னா எங்க போயி நிக்கறது? போடமாட்டேன்னு நானாச் சொல்லியிருப்பேன். சொன்னா, தம்பி பேச்சக் கேட்டுட்டு ஆடறயாம்பாரு. நீ ஒண்ணுமே சொல்லாதப்பவே அந்தப் பேரு வந்துருச்சு. அதனால சொல்லியே போடு. போடட்டுமா, வேண்டாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "அய்யோ, கொண்டாந்த காசு ஆயிப்போச்சு," என்றாள். "ஊட்டுக்குப் போயிப் போனுக்குக் கிட்டவே உக்காந்துக்கறேன். அவரு கோயலுக்குச் சூடம் காட்டப் போயிருக்கறாரு. நீ ஊட்டுக்குக் கூப்புட்டுச் சொல்லு, சாமி." வைத்துவிட்டாள்.

கேம்ப் போனில் வெளிநாட்டுக்குப் போட முடியாது. சைட் பஸ்ஸை விட்டுவிட்டு, மலையாளிக் கடைக்கு எதிரே இருக்கிற கார்டு போனுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவன் தன் பெண்டாட்டியிடம் புது வீட்டுக்கு என்ன நிறப் பெயின்ட் அடிப்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தான். பச்சையில் ஆரம்பித்து ரோஸில் முடித்தான். அடுத்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போ என்று வழி விட்டான். ஊரில் அப்போது ஒன்பதரை தாண்டியிருக்கும். பூத்திலிருந்து வீடு நடந்தால் கால்மணிகூட இல்லை.

ஒரு சொல்தான் சொல்ல வேண்டும். அதை வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டு எண்ணைப் போட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன். லைன் இறைந்தது, பிறகு அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.

அவள் எடுக்கட்டும் என்று நினைத்தேன். மச்சான் சூடம் காட்டிவிட்டு முன்னாலேயே வந்திருந்தால் அவராவது எடுக்கட்டும், எடுத்து அந்த இழவெடுத்த பெயரைச் சொல்லட்டும், அவரிடமே சொல்லிவிடுகிறேன். மணி அடித்து ஓய்ந்தது. கார்டை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி செருகி, எண்ணைப் போட்டேன். அடித்தது. பின்னால் நின்றவன் செருப்பைத் தரையில் தேய்த்தான். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அடித்துக்கொண்டே இருந்தது.